எண்ணம் வரும், உணர்வு எழும். செயல் நம் கையில் இருக்கிறது

“என் சுபாவமே இப்படித்தான்.” நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது. கோபத்தில் தட்டை எறிந்த கணவர் சொல்கிறார். மாமியாரிடம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாத மருமகள் சொல்கிறார். மூன்று கம்பெனி மாறியும் எதிலும் நிலைக்காத இளைஞன் சொல்கிறான். பெற்றோர் இதையே பிள்ளைகளின் மீது சொல்கிறார்கள்: “அவன் அவங்க அத்தா மாதிரியேதான். திருத்த முடியாது.”

கேட்பதற்கு அடக்கமான பேச்சுபோலத் தெரியும். உண்மையில் இது கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுகிற பேச்சு. சுபாவம் மாறாது என்றால் தவ்பாவுக்கு என்ன பொருள்? ஜும்ஆ பயானுக்கு என்ன வேலை? பிள்ளையை மதரஸாவுக்கு ஏன் அனுப்ப வேண்டும்? ஒரு சமூகத்தார் தங்களிடம் உள்ளதைத் தாங்களே மாற்றிக்கொள்ளாத வரை அல்லாஹ் அவர்களின் நிலையை மாற்றுவதில்லை என்று குர்ஆன் அறிவிக்கிறது (13:11). மனிதனால் தன்னிடம் உள்ளதை மாற்றிக்கொள்ள முடியும் என்பது அந்த வசனத்துக்குள்ளேயே இருக்கிறது.

ஆனால் எங்கிருந்து தொடங்குவது? எண்ணத்தையா, உணர்வையா, நடத்தையையா, எதை முதலில் பிடிப்பது? நம்மில் பலர் தவறுவது இந்த இடத்தில்தான். மனசு மாறட்டும், பிறகு நடத்தையை மாற்றிக்கொள்ளலாம் என்று காத்திருக்கிறோம். காத்திருப்பிலேயே ஆண்டுகள் ஓடிவிடுகின்றன.

சனிக்கிழமை மாலை ஒரு காட்சி

திருப்பூர் வட்டாரத்தில் சனிக்கிழமை சம்பள நாள். சேவூரிலிருந்தும் அவினாசியிலிருந்தும் கம்பெனி வண்டி ஏறி வேலைக்குப் போகிறவர்கள் வாரம் முழுவதும் அந்த மாலைக்காகவே காத்திருப்பார்கள். பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் இரண்டு டைலர்களிடம் காண்ட்ராக்டர் ஒரே பதிலைச் சொல்கிறார்: “பார்ட்டி இன்னும் பணம் தரவில்லை. பாதி வாங்கிக்கோ, மீதி அடுத்த வாரம்.”

முதலாமவரின் மனதில், ‘என்னை ஏமாளி என்று நினைத்துவிட்டான்’ என்ற எண்ணம் ஓடுகிறது. உடனே நெஞ்சு சூடாகிறது. வீட்டுக்கு வந்ததும் மனைவி, “பால்காரருக்குக் கொடுக்க வேண்டும்” என்கிறார். காண்ட்ராக்டரிடம் காட்ட முடியாத கோபம் மனைவியின் மீது இறங்குகிறது. மூலையில் பாடம் எழுதிக்கொண்டிருந்த பிள்ளை நோட்டை மூடிவிட்டுத் தெருவுக்குப் போய்விடுகிறான்.

இரண்டாமவருக்கும் பாதிப் பணம்தான் கிடைத்தது. அவருக்கும் கவலை உண்டு. ஆனால் அவர் மனதில் ஓடுவது, ‘இந்த வாரம் எதைத் தள்ளிப்போடலாம்? திங்கட்கிழமை காண்ட்ராக்டரிடம் எப்படிக் கேட்கலாம்?’ என்ற எண்ணம். வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததைச் சொல்கிறார். இருவரும் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள்.

இருவருக்கும் நடந்தது ஒன்று. வந்த எண்ணம் வேறு. அதனால் உணர்வும் வேறு, நடத்தையும் வேறு. இதே சனிக்கிழமை ஐம்பது முறை வந்தால் முதல் வீட்டில் ஒரு சுபாவமும் இரண்டாவது வீட்டில் இன்னொரு சுபாவமும் உருவாகிவிடும். ‘பிறவியிலேயே’ என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இப்படிச் சேர்ந்ததுதான்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் இந்தச் சங்கிலியை வரிசையாக விளக்குகிறார்கள். முதலில் உள்ளத்தில் ஓர் எண்ணம் தோன்றுகிறது. அதை ‘காத்திர்’ என்பார்கள். அது விருப்பத்தைத் தூண்டுகிறது. விருப்பம் உறுதியாகிறது. உறுதி நிய்யத் ஆகிறது. நிய்யத் கை கால்களை இயக்குகிறது. ஏறக்குறைய 850 ஆண்டுகளுக்குப் பிறகு, 1960களில், அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் தம் நோயாளிகளிடம் இதற்கு நெருக்கமான ஒன்றைக் கண்டார். மனச்சோர்வு உள்ளவர்களின் மனதில் ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்பது போன்ற எண்ணங்கள் தாமாக ஓடிக்கொண்டே இருந்தன. அவற்றைக் கவனித்து, அவை உண்மைதானா என்று சோதித்துப் பார்க்கப் பழக்கியபோது நோயாளிகள் தேறினார்கள். இன்று உலகெங்கும் கையாளப்படும் எண்ண–நடத்தை சிகிச்சை அப்படி வளர்ந்தது.

எண்ணம் வந்ததற்காகக் குற்றவாளி ஆவதில்லை

மார்க்கப் பற்றுள்ள பலரை வாட்டும் ஒரு கவலை உண்டு. “ஹஜ்ரத், தொழும்போது கெட்ட எண்ணம் வருகிறது. என் ஈமான் போய்விட்டதா?” என்று கேட்பவர்கள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். நபித்தோழர்களுக்கே இப்படி வந்திருக்கிறது. வாய்விட்டுச் சொல்லவும் அஞ்சும் அளவுக்கு எண்ணங்கள் வருகின்றன என்று அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டார்கள். அந்த எண்ணங்களை வெறுத்து அஞ்சுவதே தெளிவான ஈமான் என்று நபியவர்கள் ஆறுதல் கூறினார்கள் (முஸ்லிம்). உள்ளத்தில் தோன்றுபவற்றை என் உம்மத்தினர் பேசாத வரை, செயல்படுத்தாத வரை அல்லாஹ் மன்னித்துவிட்டான் என்றும் அறிவித்தார்கள் (புகாரி, முஸ்லிம்).

எண்ணம் வாசலில் வந்து நிற்கும் ஆள்போல. யார் வந்து நிற்பது என்பது நம் கையில் இல்லை. உள்ளே அழைத்து உட்காரவைத்து உபசரிப்பதுதான் நம் கையில் இருக்கிறது.

அப்படி நாம் அதிகம் உபசரிப்பது பிறரைப் பற்றிய தவறான எண்ணத்தைத்தான். அண்ணன் போன் எடுக்கவில்லை என்றால், ‘பணம் கேட்பேன் என்று பயந்துவிட்டான்’ என்று முடிவு கட்டுகிறோம். அண்ணன் நைட் ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருக்கலாம். ஊகங்களில் அதிகமானவற்றைத் தவிர்த்துக்கொள்ளுங்கள், ஊகங்களில் சில பாவமாகும் என்று அல்லாஹ் எச்சரிக்கிறான் (49:12). ஆயிஷா (ரலி) அவர்கள் மீது அவதூறு பரவியபோது, அதைக் கேட்ட மாத்திரத்திலேயே முஃமின்கள் நல்லதையே எண்ணியிருக்க வேண்டாமா என்று குர்ஆன் கேட்கிறது (24:12). அந்த வசனம் எண்ணத்துக்கு வைத்த சோதனை. கையில் என்ன ஆதாரம்? இதற்கு வேறு காரணம் இருக்க முடியாதா? இந்த இரண்டு கேள்விகளை நாம் கேட்டிருந்தால் எத்தனையோ குடும்பச் சண்டைகள் ஜமாஅத் வரை வந்திருக்காது.

உணர்வை மறைப்பது பொறுமை அல்ல

எண்ணத்துக்கு அடுத்தது உணர்வு. “ஆம்பளைப் பிள்ளை அழலாமா?” “ஈமான் உள்ளவனுக்கு என்ன கவலை?” என்று சொல்லிச் சொல்லியே நம் வீடுகளில் உணர்வைப் பேசுவது வெட்கமாகிவிட்டது.

யஅகூப் (அலை) அவர்கள் ஒரு நபி. மகன் யூஸுபைப் பிரிந்த துக்கத்தில் அவர்களின் கண்கள் வெளுத்துப்போயின என்று குர்ஆன் சொல்கிறது (12:84). அந்தத் துக்கத்தை ஈமான் குறைவாக அல்லாஹ் எடுத்துக்காட்டவில்லை. என் கவலையையும் துக்கத்தையும் அல்லாஹ்விடமே முறையிடுகிறேன் என்றார்கள் (12:86). அடுத்த வசனத்தைக் கவனித்துப் படிக்க வேண்டும். கண்ணீரோடு இருந்த அதே தந்தை தம் பிள்ளைகளிடம், போய் யூஸுபையும் அவர் சகோதரரையும் தேடுங்கள், அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்று சொல்லி அனுப்புகிறார்கள் (12:87). உள்ளத்தில் துக்கம் இருக்கிறது. எண்ணத்தில் நம்பிக்கை இருக்கிறது. செயலில் தேடல் இருக்கிறது. துக்கம் தீர்ந்த பிறகு தேடலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

நபி (ஸல்) அவர்களின் குழந்தை இப்ராஹீம் மடியில் உயிர் பிரிந்துகொண்டிருந்தபோது நபியவர்கள் அழுதார்கள். உடனிருந்த தோழர் வியந்து கேட்டார். இது இரக்கம் என்று விளக்கினார்கள். கண் அழுகிறது, உள்ளம் வருந்துகிறது, ஆனால் இறைவனுக்குப் பிடித்ததைத் தவிர வேறெதையும் நாங்கள் சொல்ல மாட்டோம் என்றார்கள் (புகாரி). உணர்வுக்கு அனுமதி உண்டு, நாவுக்கு எல்லை உண்டு. இதைவிடத் தெளிவாக இந்தப் பாடத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க முடியாது. “கோபப்படாதே” என்று மட்டும் சொன்னால் பிள்ளைக்கு ஒன்றும் விளங்குவதில்லை. “உனக்குக் கோபம் வந்திருக்கிறது, தெரிகிறது. ஆனால் தங்கச்சியை அடிக்கக்கூடாது” என்றால் விளங்குகிறது.

கால் நகராத ஆறு மாதங்கள்

இப்போது நடத்தைக்கு வருவோம். இதற்கு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வாழ்க்கையே பாடம். 1058இல் தூஸ் நகரில் பிறந்தவர்கள். 1091இல் பக்தாத் நிஸாமிய்யா கல்விக்கூடத்தின் தலைமை ஆசிரியராக நியமிக்கப்பட்டார்கள். முன்னூறு மாணவர்கள் பாடம் கேட்டார்கள். பணம், புகழ், அரசவை மரியாதை எல்லாம் இருந்தன. ஆனால் தாம் பாடம் நடத்துவது அல்லாஹ்வுக்காகவா, பெயருக்காகவா என்ற கேள்வி அவர்களை உறுத்தியது. நடப்பது சரியில்லை என்று அறிவுக்குத் தெரிந்துவிட்டது.

தெரிந்தும் கால் நகரவில்லை. ஹிஜ்ரி 488 ரஜப் மாதம் தொடங்கி ஏறக்குறைய ஆறு மாதம் அந்த இழுபறி நீடித்ததாக ‘அல்-முன்கிது மினள்-ளலால்’ என்ற நூலில் அவர்களே எழுதியிருக்கிறார்கள். காலையில் கிளம்பலாம் என்று முடிவு, மாலையில் அது கலைந்துவிடும். இறுதியில் நாவு கட்டிப்போய்ப் பாடம் நடத்த முடியாமல் ஆனது. உணவு இறங்கவில்லை. உள்ளத்திலிருந்து உடலுக்குப் பரவிய நோய் இது என்று மருத்துவர்கள் கைவிரித்தார்கள்.

அல்லாஹ்விடம் கையேந்தினார்கள். பிறகு ஒரு செயலைச் செய்தார்கள். குடும்பத்துக்குத் தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு மீதிச் செல்வத்தைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு 1095இன் பிற்பகுதியில் பக்தாதை விட்டுப் புறப்பட்டார்கள். டமாஸ்கஸ், பைத்துல் முகத்தஸ், பிறகு ஹஜ் என்று பயணம் தொடர்ந்தது. நூற்றாண்டுகளாக ஓதப்படும் ‘இஹ்யா’ அந்த ஆண்டுகளின் விளைச்சல். 1106இல் நைசாப்பூரில் மீண்டும் பாடம் நடத்த உட்கார்ந்தார்கள். 1111இல் சொந்த ஊரில் வஃபாத்தானார்கள்.

அந்தக் காலத்தின் தலைசிறந்த அறிவாளியையே அறிவு மட்டும் மாற்றிவிடவில்லை. எழுந்து எடுத்துவைத்த அடி மாற்றியது. பின்னர் அவர்கள் இஹ்யாவின் 22ஆம் பாகத்தில் குணங்களைச் சீராக்குவது பற்றி எழுதும்போது இதையே விதியாக வைத்தார்கள். சுபாவம் மாறாது என்பவர்களுக்கு அவர்கள் தரும் பதில்: வேட்டைப் பருந்தையும் குதிரையையும் பழக்க முடிகிறது, மனிதனைப் பழக்க முடியாதா? பேரீச்சங்கொட்டையை ஆப்பிள் மரமாக்க முடியாது, ஆனால் பராமரித்தால் அது பேரீச்சை மரமாகும்.

திங்கட்கிழமைதோறும் நிலக்கடலை ஏலம் நடக்கும் சேவூரில் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. நிலக்கடலை போட்ட காட்டில் நிலக்கடலைதான் முளைக்கும். அது நன்றாகக் காய் பிடிப்பதும் பிடிக்காததும் களையெடுப்பதிலும் மண் அணைப்பதிலும் இருக்கிறது. கோபம் என்ற விதையை யாராலும் பிடுங்கி எறிய முடியாது. அநியாயத்தைக் கண்டால் எழும் ரோஷமாகவும் அது வளரும். மனைவி மக்களை அடிக்கும் கையாகவும் அது வளரும்.

நல்ல குணத்தை எப்படிப் பெறுவது என்பதற்கு இமாமவர்கள் எழுத்துக் கலைஞரை உதாரணம் காட்டுகிறார்கள். அழகாக எழுத ஆசைப்படுபவர், அழகாக எழுதுபவரின் கையைப் பார்த்து முதலில் வலிந்து எழுத வேண்டும். எழுத எழுத அது அவருக்கே உரியதாகிவிடும். நம் ஊரில் இதைத் தையல் மிஷினில் பார்க்கலாம். ஹெல்பராகச் சேர்ந்த பிள்ளை முதன்முதலில் ஓவர்லாக்கில் உட்காரும்போது துணி ஒரு பக்கம், கை ஒரு பக்கம் போகும். சில மாதம் போனால் பக்கத்து ஆளிடம் பேசிக்கொண்டே நேராகத் தைப்பார். கைக்குப் பழகிவிட்டது. பொறுமையும் அப்படித்தான் பழகும். பொறுமையாக இருக்க முயல்பவருக்கு அல்லாஹ் பொறுமையைக் கொடுப்பான் என்பது நபிமொழி (புகாரி, முஸ்லிம்). பொறுமை வந்த பிறகு பொறுமையாக இருப்பது அல்ல. முதலில் முயற்சி, பிறகு கொடை.

கோபத்துக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்ன வழிகளைப் பாருங்கள். நின்றிருந்தால் உட்காருங்கள், அதிலும் அடங்காவிட்டால் படுத்துக்கொள்ளுங்கள் (அபூதாவூத்). கோபத்தில் சிவந்துபோன ஒருவரைக் கண்டு, அவர் ஷைத்தானைவிட்டு அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடினால் கோபம் போய்விடும் என்றார்கள் (புகாரி). மனசை மாற்று என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை. உடலுக்கும் நாவுக்கும் உடனே செய்யக்கூடிய ஒரு வேலையைக் கொடுத்தார்கள். நின்ற கோபம் உட்கார்ந்தால், ஓங்கிய கை இறங்க ஒரு நிமிடம் கிடைக்கிறது. அந்த ஒரு நிமிடத்தில் தப்பித்த குடும்பங்கள் உண்டு. அது கிடைக்காமல் தலாக்கில் போய் நின்ற குடும்பங்களும் உண்டு.

பிள்ளைகளிடம் நாம் விதைப்பது

“மக்கு.” “சோம்பேறி.” “உனக்குப் படிப்பு வராது, பேசாமல் கம்பெனிக்குப் போ.” நாம் இவற்றைக் கோபத்தில் சொல்லிவிட்டு மறந்துவிடுகிறோம். பிள்ளைக்கு அது எண்ணமாகப் பதிகிறது. கணக்கில் ஒரு முறை மதிப்பெண் குறைந்ததும், ‘எனக்கு வராது’ என்ற எண்ணம் எழுகிறது. அதனால் வெட்கமும் பயமும் வருகின்றன. பயத்தால் கணக்குப் புத்தகத்தைத் தொடுவதில்லை. தொடாததால் அடுத்த தேர்விலும் குறைகிறது. ‘பார்த்தாயா, சொன்னேன்’ என்கிறோம். பனியன் தொழில் நடக்கும் ஊரில் இந்தச் சுற்று எங்கே போய் முடியும் என்பதை நாம் அறிவோம். கையில் வாரச் சம்பளம் வரும் வேலை பக்கத்திலேயே இருக்கிறது. பத்தாம் வகுப்போடு புத்தகப்பையைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டுப் போகிறான். வேலைக்குப் போவது இழிவு அல்ல. ‘எனக்கு வராது’ என்ற பொய்யை நம்பிப் போவதுதான் இழப்பு.

அனஸ் (ரலி) அவர்கள் சிறுவராக இருந்தபோதே நபி (ஸல்) அவர்களின் பணிவிடைக்கு வந்தவர்கள். பத்து ஆண்டுகளில் ஒரு முறைகூட ‘சீ’ என்றோ, இதை ஏன் செய்தாய், இதை ஏன் செய்யவில்லை என்றோ நபியவர்கள் கடிந்ததில்லை என்று அவர்கள் அறிவிக்கிறார்கள் (புகாரி, முஸ்லிம்). சிறுவர் தவறே செய்யாமலா இருந்திருப்பார்? அந்தச் சிறுவர்தான் வளர்ந்து அதிகமான ஹதீஸ்களை அறிவித்த தோழர்களில் ஒருவரானார். பிள்ளையின் செயலைக் கண்டியுங்கள், பிள்ளைக்கு முத்திரை குத்தாதீர்கள். “இன்று பாடம் எழுதவில்லை” என்பது செயலைப் பற்றிய பேச்சு, நாளை எழுதி மாற்றிவிடலாம். “நீ சோம்பேறி” என்பதை அவன் எதை எழுதி மாற்றுவான்?

எல்லாம் மனசில்தான் என்று சொல்லிவிடக் கூடாது

இவ்வளவு சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கையும் தேவை. ‘எண்ணத்தை மாற்று, வாழ்க்கை மாறும்’ என்று மேடைகளில் முழங்குபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது வேலை இழந்தவரின் துன்பம் அவர் எண்ணத்திலிருந்து வந்ததல்ல. 2020 ஊரடங்கில் நின்றுபோன மிஷினும், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது நிறுத்திவைக்கப்பட்ட ஆர்டரும் மனப்பிரமை அல்ல.

நபி (ஸல்) அவர்கள் அடிக்கடி ஓதிவந்த ஒரு துஆவை அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள் (புகாரி). கவலை, துக்கம், இயலாமை, சோம்பல், கஞ்சத்தனம், கோழைத்தனம், கடன் சுமை, மனிதர்களின் அடக்குமுறை ஆகிய எட்டிலிருந்தும் அதில் பாதுகாப்புத் தேடுகிறார்கள். உள்ளத்தின் வேதனையும் நடத்தையின் பலவீனமும் வெளியிலிருந்து அழுத்தும் கடனும் ஆதிக்கமும் ஒரே துஆவில் வருகின்றன. கவலைப்படும் மனிதனின் மனசை மட்டும் பார்த்தால் போதாது, அவன் கடனையும் பார்க்க வேண்டும். ஆகவே சம்பளத்தைத் தள்ளிப்போடுபவர், தொழிலாளிக்குப் பொறுமையைப் பற்றி உபதேசிக்கத் தகுதி இல்லாதவர். உழைத்தவரின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுங்கள் என்ற நபிமொழி (இப்னுமாஜா) முதலாளியின் நடத்தைக்கு வைக்கப்பட்ட அளவுகோல். வட்டிக்காரரிடம் மாட்டிக்கொண்ட குடும்பத்துக்கு ஜமாஅத்தின் பைத்துல்மாலிலிருந்து உதவி கிடைத்தால், அது நூறு பயான்கள் செய்யாத ஆறுதலைச் செய்யும்.

துன்பம் வெளியிலிருந்து வந்தாலும் அதற்கு நாம் தரும் பதில் நம்முடையது. சாயப்பட்டறைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். அவை மூடப்பட்டதற்குக் காரணம், நொய்யலில் பல ஆண்டுகளாகக் கலந்துவந்த சாயக்கழிவு. கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறைக்கு மாறிய பிறகு பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன. உத்தரவைத் திட்டிக்கொண்டிருந்ததால் அவை திறக்கவில்லை. செய்துவந்ததை மாற்றிக்கொண்டதால் திறந்தன.

நோய் என்றால் மருத்துவம்

இன்னோர் எல்லையும் உண்டு. ஹிஜ்ரி 322இல் (கி.பி. 934) வஃபாத்தான அபூ ஸைத் அல்-பல்கீ (ரஹ்) என்ற அறிஞர் உடல், உள்ளம் இரண்டின் நலனுக்கும் சேர்த்து ஒரு நூல் எழுதினார்கள். கோபம், அச்சம், துக்கம், வஸ்வாஸ் ஆகிய நான்கையும் உள்ளத்தின் நோய்களாக எடுத்து அதில் விளக்கினார்கள். துக்கத்தில் காரணம் தெரிந்தது ஒரு வகை, காரணமே தெரியாமல் வருவது ஒரு வகை என்று பிரித்து, இரண்டாவதற்கு உடல் மருத்துவமும் தேவை என்றார்கள். நலமாக இருக்கும்போதே வீட்டில் மருந்து வாங்கி வைப்பதுபோல, மனம் அமைதியாக இருக்கும்போதே நல்ல எண்ணங்களைச் சேமித்து வைக்க வேண்டும், நெருக்கடி நேரத்தில் அவை கைகொடுக்கும் என்றும் வழி காட்டினார்கள்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இவ்வளவு தெளிவு இருந்த சமுதாயம் நாம். அப்படியிருந்தும் 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 உயிர்கள் போயின. தர்காவை நம்பிப் பல இடங்களிலிருந்தும் அழைத்துவரப்பட்ட நோயாளிகள் தங்கவைக்கப்பட்டிருந்த ஊர் அது. அல்லாஹ் எந்த நோயையும் அதற்கான நிவாரணம் இல்லாமல் இறக்கவில்லை என்ற நபிமொழி (புகாரி) மனநோய்க்கும் சேர்த்துத்தான்.

பல வாரங்களாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பு இல்லை, வாழ்ந்து என்ன பயன் என்று பேசுகிறார் என்றால், அங்கே ‘ஈமானைப் பலப்படுத்து’ என்று மட்டும் சொல்லி அனுப்புவது குற்றம். துஆவும் செய்யுங்கள், அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணிலும், தமிழக அரசின் 104 எண்ணிலும் தமிழிலேயே பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்வது ஹராம் என்று சொல்லும் நாம், அந்த விளிம்பில் நிற்பவரின் கையைப் பிடிப்பது கடமை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வீட்டில் இன்றே தொடங்கலாம்

அமல்களில் அல்லாஹ்வுக்கு மிகவும் விருப்பமானது, குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படுவது என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கும் நபிமொழி இருக்கிறது (புகாரி, முஸ்லிம்). ஆகவே பெரிய தீர்மானங்கள் வேண்டாம். ஒரே ஒரு செயலை எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது, மனநிலை எப்படி இருந்தாலும், ஸலாம் சொல்லிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து உட்கார்ந்த பிறகே பண விஷயம் பேசுவது என்று கணவர் முடிவு செய்யலாம். ஊகம் எழும்போது, ஆதாரம் கிடைக்கும் வரை யாரிடமும் சொல்வதில்லை என்று மனைவி முடிவு செய்யலாம். அசதியாக இருந்தாலும் மஃக்ரிபுக்குப் பிறகு பதினைந்து நிமிடம் புத்தகத்தைத் திறப்பது என்று பிள்ளை முடிவு செய்யலாம். இஷாவுக்குப் பிறகு வீட்டில் எல்லோரும் போனை வைத்துவிட்டுச் சிறிது நேரம் சேர்ந்து உட்கார்ந்து, இன்று யாருக்கு என்ன கஷ்டம் வந்தது, என்ன தோன்றியது, என்ன செய்தோம் என்று பேசலாம்.

முதல் வாரம் செயற்கையாகத்தான் இருக்கும். “நடிப்பு மாதிரி இருக்கிறது” என்று மனம் சொல்லும். அதுவும் வாசலில் வந்து நிற்கும் ஓர் எண்ணம்தான். நல்ல செயலை நல்ல நிய்யத்தோடு வலிந்து செய்வது நடிப்பு அல்ல, பயிற்சி. ஒரு நாள் தவறினால் மறுநாள் மீண்டும் தொடங்குங்கள். “என் சுபாவமே இப்படித்தான்” என்று வாய் வரை வந்தால், “இதுவரை இப்படி இருந்தேன்” என்று திருத்திச் சொல்லிப் பழகுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் உள்ளங்களில் எழும் தீய எண்ணங்களின் தீங்கைவிட்டும், கவலை, கடன் சுமைகளைவிட்டும் எங்களைப் பாதுகாப்பாயாக. எங்கள் வீடுகளைக் கண்குளிர்ச்சி தரும் வீடுகளாக ஆக்குவாயாக. தெரிந்ததைச் செயலாக்கும் தவ்ஃபீக்கை எங்களுக்குத் தருவாயாக. ஆமீன்.